கழுதையில் வந்தவன் கட்சி

நடுவர் அவர்களே, எதிரில் ஈட்டியும் கவசமுமாக உட்கார்ந்திருக்கும் குதிரை அணியினரே, என் பக்கத்துக் கழுதை அணித் தோழர்களே, சாப்பாடு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்பெயின் நாட்டு செர்வாண்டிஸ் 1605-இல் முதல் பாகமும் 1615-இல் இரண்டாம் பாகமுமாக வெளியிட்ட ‘டான் குயிக்ஸாட்’ நாவலில் இரண்டு பேர் ஊர் சுற்றுகிறார்கள். ஒருவர், வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்து மூளை கலங்கி, தம்மை ஒரு மாவீரராகவே நினைத்துக்கொண்டு நோஞ்சான் குதிரையில் கிளம்பிய சிறு நிலக்கிழார். இன்னொருவன் அதே ஊர் விவசாயி சாஞ்சோ பான்சா. “உன்னை ஒரு தீவுக்கு ஆளுநராக்குகிறேன்” என்று அவர் சொன்னதை நம்பி, எடுபிடியாகக் கழுதையில் பின்னால் போனவன். நானூறு ஆண்டுகளாக உலக இலக்கியத்தில் ஆழமாகத் தடம் பதித்தவர் இந்த இருவரில் யார் என்பதுதான் இன்றைய வழக்கு. நான் சாஞ்சோவுக்காக வந்திருக்கிறேன்.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். முதலில் வந்தவர், புத்தகத்தின் பெயரே டான் குயிக்ஸாட்தான், பிறகென்ன வழக்கு என்றார். இரண்டாமவர், நாவலைப் படிக்காதவனுக்குக்கூட காற்றாலைச் சண்டை தெரியும், சாஞ்சோ என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மூன்றாவதாக வந்த அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். சாஞ்சோ ஒரு தின்னிப் பண்டாரம், சிரிப்புக்காக வைத்த ஆள், அவனை எடுத்துவிட்டாலும் நாவல் அப்படியே நிற்கும் என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு அழகாக இருந்ததால்.

ஆனால் அம்மா, நீங்கள் சொன்ன அந்தச் சோதனையைச் செர்வாண்டிஸே செய்து பார்த்துவிட்டார். முதல் பயணத்தில் டான் குயிக்ஸாட் தனியாகத்தான் போகிறார். சாஞ்சோ ஏழாவது அத்தியாயத்தில்தான் வருகிறான். அதற்கு முன் என்ன நடந்தது? விடுதி வாசலில் நின்ற இரண்டு விலைமாதர்களைச் சீமாட்டிகள் என்று நினைத்தார். விடுதிக்காரன் கேலிக்காக அவருக்கு வீரப்பட்டம் கட்டினான். டொலேடோ வணிகர்களோடு வீண் சண்டைக்குப் போய், கோவேறு கழுதைக்காரன் ஒருவனிடம் செம்மையாக உதை வாங்கினார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார். அவ்வளவுதான், ஐந்து அத்தியாயத்தில் கதை தீர்ந்துவிட்டது. செர்வாண்டிஸ் முதலில் ஒரு சிறுகதையாகத்தான் இதை நினைத்திருப்பார் என்று ஆய்வாளர்கள் பலர் ஊகிப்பது அதனால்தான். சாஞ்சோ இல்லாத டான் குயிக்ஸாட் என்றால், அடிபட்டுப் படுத்திருக்கும் ஒரு பெரியவர். அவன் கழுதையோடு வந்த பிறகு நாவல், இரண்டு பாகமும் சேர்த்து, மொத்தம் 126 அத்தியாயம் வரை ஓடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பணம், மாற்றுச் சட்டை, ஓர் எடுபிடி ஆகியவை இல்லாமல் எந்த வீரனும் வெளியே போவதில்லை என்று அவருக்கு அறிவுரை சொன்னது யார்? அந்தக் கேலிக்கார விடுதிக்காரன்தான். நாவலில் நல்ல யோசனைகள் எல்லாம் இப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்துதான் வருகின்றன.

காற்றாலைக்கு வருவோம். சாஞ்சோ வந்த பிறகு நடக்கிற முதல் பெரிய கூத்தே அதுதான். “அதோ பார், முப்பதுக்கு மேல் அரக்கர்கள்” என்கிறார் எஜமான். “ஐயா, அவை அரக்கர்கள் இல்லை, காற்றாலைகள். கை மாதிரி தெரிவது இறக்கை” என்கிறான் வேலைக்காரன். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். பைத்தியம் ஒன்று எதன் மேலோ மோதி விழுகிறது, அவ்வளவுதான் மிஞ்சும். ஒரே பொருளை இரண்டு கண்கள் பார்க்கின்றன, இரண்டும் தாம் கண்டதைச் சொல்கின்றன என்பதால்தான் அந்தக் காட்சி நானூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. எதிரணித் தோழர் தம் தலைவருக்குச் சான்றாகக் காட்டிய காற்றாலையைக் காற்றாலை என்று முதலில் சொன்னவன் எங்கள் ஆள்.

சாஞ்சோவுக்கு முன்னாலும் எடுபிடிகள் இருந்தார்கள். ரோமாபுரி நாடகங்களில் தந்திரக்கார அடிமை உண்டு. சமஸ்கிருத நாடகங்களில் மோதகப் பிரியனான விதூஷகன் உண்டு. ஸ்பெயினிலேயே, செர்வாண்டிஸ் கிண்டல் செய்த வீரக்கதைகளில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு துணையாள் உண்டு. அப்படியானால் சாஞ்சோவில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். கேட்டால், முதல் பாகம் இருபதாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டுவேன்.

இரவு முழுக்க இருட்டில் ஏதோ பயங்கரச் சத்தம். காலையில் போய்ப் பார்த்தால், துணியை அடித்துத் துவைக்கும் ஆலையின் மரச் சம்மட்டிகள். சாஞ்சோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். முதல்நாள் இரவு எஜமான் அடித்த வீர வசனத்தை அதே குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறான். அவர் ஈட்டியால் இரண்டு போடு போட்டுவிட்டு ஒரு பாடம் நடத்துகிறார்: “நான் படித்த எண்ணற்ற வீரக்கதைகளில் எந்த எடுபிடியும் உன்னைப்போல எஜமானோடு இவ்வளவு பேசியதில்லை. கலாவோர் என்ற மாவீரனின் துணையாள் கஸாபால் எவ்வளவு அமைதியானவன் தெரியுமா? அந்த நீண்ட கதை முழுவதிலும் அவன் பெயரே ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது!”

நடுவர் அவர்களே, அதுவரை இருந்த இலக்கியத்தின் நிலைமையை செர்வாண்டிஸ் இந்த ஒரு வரியில் வைத்துவிட்டார். வேலைக்காரனின் சிறப்பு என்ன? அவன் இருப்பதே தெரியக்கூடாது. வாயை மூடிக்கொண்டு குதிரையைப் பிடிக்க வேண்டும்.

சாஞ்சோ அந்தக் கட்டளையை ஏற்றுக்கொள்கிறான். எவ்வளவு நேரத்துக்கு? அடுத்த அத்தியாயத்திலேயே, “ஐயா, நீங்கள் பேசக்கூடாது என்றதிலிருந்து நாலைந்து விஷயம் என் வயிற்றிலேயே அழுகிப் போய்விட்டது, நாக்கு நுனியில் ஒன்று இருக்கிறது, அதையாவது காப்பாற்றவிடுங்கள்” என்று அனுமதி கேட்கிறான். இன்னும் சில அத்தியாயம் தள்ளி, மலைக்காட்டுக்குள் போகும்போது ராஜினாமாவே கொடுக்கிறான்: “என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடாவது வாய் திறந்து பேசலாம். உங்கள் பின்னால் ராவும் பகலும் பேசாமல் வருவது என்னை உயிரோடு புதைப்பது போல.” எஜமான் தடையை நீக்குகிறார். தடையை நீக்கியது அவர் கருணை என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். அவருக்கு வேறு வழியில்லை, அவன் பேச்சு இல்லாமல் அவருக்கும் பொழுது போகாது.

இரண்டு பேர் வழி நெடுகப் பேசுகிறார்கள், பேச்சிலேயே இருவரும் மாறுகிறார்கள். இதற்கு முன் இவ்வளவு நீளத்துக்கு, மேலேயும் கீழேயும் இருக்கும் இரண்டு மனிதர்களை இப்படிப் பேசவிட்ட கதை ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்து இல்லை. இது வாசகர்களுக்கு உடனே பிடித்தும் போனது. இரண்டாம் பாகத்தில் கராஸ்கோ என்ற படித்த இளைஞன் வந்து, முதல் பாகம் அச்சாகி ஊரெல்லாம் பரவியிருக்கும் செய்தியைச் சொல்கிறான். சாஞ்சோவிடம், “கதையில் வேறு யார் பேசுவதைவிடவும் நீ பேசுவதைக் கேட்கத்தான் பிடிக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள்” என்கிறான். எங்கள் கட்சிக்கு 1615-லேயே ஆள் சேர்ந்துவிட்டது ஐயா, நூலாசிரியரே பதிவு செய்திருக்கிறார்.

இப்போது “தின்னிப் பண்டாரம்” குற்றச்சாட்டு. சாஞ்சோ சாப்பாட்டுப் பிரியன்தான், நான் மறுக்கவில்லை. கமாச்சோ என்ற பணக்காரன் கல்யாணத்தில், ஒரு ரொட்டித் துண்டை நனைத்துக்கொள்கிறேன் என்று பவ்யமாகக் கேட்டுப் போனவனுக்கு, சமையல்காரர் மூன்று கோழியும் இரண்டு வாத்தும் அள்ளிக் கொடுத்து, “சாப்பாடு ஆகும் வரைக்கும் இந்த நுரையைச் சாப்பிட்டுக்கொண்டிரு” என்கிறார். யாராயிருந்தாலும் சாப்பிடத்தான் செய்வோம். ஆனால் அம்மையார் வர்ணித்த வெறும் தின்னிச் சாஞ்சோ செர்வாண்டிஸ் எழுதியவன் இல்லை. 1614-இல் அவெயானேதா என்ற புனைபெயரில் ஒருவர் போலி இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட்டார். அதில் வரும் சாஞ்சோதான் குடியும் தீனியுமான முரடன். அசல் சாஞ்சோ ஒரு விடுதியில் இந்தச் செய்தியைக் கேட்டுக் கொதித்துப் போகிறான். அது வேறு எவனோ, நான் வெள்ளந்தி, வேடிக்கைக்காரன், ஆனால் குடிகாரனும் இல்லை, தின்னியும் இல்லை என்கிறான். எதிரணி கள்ளப் பதிப்பைப் படித்துவிட்டு வந்து வழக்காடுவது நியாயமா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, அவன் எப்படி மாறினான் என்று பார்ப்போம். நம் ஆள் ஆரம்பத்தில் உத்தமன் இல்லை. முதல் பாகத்தில், எஜமான் ஆப்பிரிக்காவில் ஒரு ராஜ்யத்தைப் பிடித்துத் தனக்குத் தரப்போகிறார் என்று நம்பிக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறான்: குடிமக்கள் கறுப்பர்களாக இருந்தால் என்ன, கப்பலில் ஏற்றி ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து விற்றால் காசு, அந்தக் காசில் ஒரு பதவி வாங்கிக் காலம் பூராவும் உட்கார்ந்து சாப்பிடலாம். படிக்கும்போது நமக்குக் கூசுகிறது. அடிமை வியாபாரம் நடந்துகொண்டிருந்த நாட்டின் சாதாரண மனிதன் பேசியதைப் பூசி மெழுகாமல் செர்வாண்டிஸ் எழுதியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் பாகம் பத்தாம் அத்தியாயம். எல் டொபோசோ ஊருக்கு வெளியே. தம் காதலி துல்சினேயாவைப் பார்த்துவிட்டு வா என்று எஜமான் அனுப்புகிறார். அப்படி ஓர் இளவரசி கிடையாது. சாஞ்சோ ஏற்கெனவே ஒருமுறை, போகாமலே போய்ப் பார்த்ததாகப் பொய் சொன்னவன். இப்போது மாட்டிக்கொண்டான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே கேள்வி பதில் நடத்திவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறான்: காற்றாலையை அரக்கன் என்பவருக்கு, வருகிற முதல் பட்டிக்காட்டுப் பெண்ணை இளவரசி என்று நம்ப வைப்பதா கஷ்டம்? கழுதைகளில் மூன்று குடியானவப் பெண்கள் வருகிறார்கள். சாஞ்சோ மண்டியிட்டு, “அழகின் அரசியே, முத்துக்களும் வைரங்களும் மின்ன வருகிறீர்களே” என்று ஆரம்பிக்கிறான். டான் குயிக்ஸாட் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறார். “எனக்குக் கழுதை மேல் மூன்று பெண்கள்தான் தெரிகிறார்கள், சாஞ்சோ.”

காற்றாலைக் காட்சி அப்படியே தலைகீழாகிவிட்டது. இப்போது கற்பனை வேலைக்காரனிடம், உண்மை எஜமானின் கண்ணில். தம் காதலியை ஏதோ மந்திரவாதி உருமாற்றிவிட்டான் என்று அவர் நம்புகிறார். இரண்டாம் பாகம் முழுவதும் அவரை ஆட்டிப்படைக்கும் துயரம் அந்த மரத்தடியில் சாஞ்சோ தயாரித்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், நூலகமே வைத்திருந்தவருக்குக் கதை எழுதிக் கொடுக்கிறான். இருவரும் ஒருவர் குணத்தை ஒருவர் வாங்கிக்கொள்ளும் இந்தப் போக்கை ஸ்பானிய விமர்சகர் சல்வதோர் தெ மதாரியாகா 1926-இல் விரிவாக எழுதினார். எஜமான் சாஞ்சோவாகிறார், சாஞ்சோ எஜமானாகிறான் என்று. நாவலாசிரியர்கள் இன்றுவரை கற்றுக்கொள்வது இந்த வித்தையைத்தான்.

இனி பரத்தாரியா, சாஞ்சோ ஆண்ட ‘தீவு’. எனக்கு நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு கோமகனும் அவர் மனைவியும் முதல் பாகத்தைப் படித்து ரசித்தவர்கள். பொழுதுபோக்குக்காக, சுமார் ஆயிரம் குடி உள்ள தம் ஊர் ஒன்றைத் ‘தீவு’ என்று சொல்லி சாஞ்சோவை ஆளுநராக அனுப்புகிறார்கள். எல்லாமே நாடகம், இவன் அசடு வழிவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. போனதும் சுவரில் ‘டான் சாஞ்சோ பான்சா’ என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுகிறார்கள். “எனக்கு டான் கிடையாது, என் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. இந்தத் தீவில் கற்களைவிட டான்கள் அதிகம் போலிருக்கிறது, நாலு நாள் ஆளவிட்டால் களையெடுத்துவிடுவேன்” என்கிறான். பதவி வந்த முதல் நிமிடத்தில் பட்டத்தை வேண்டாம் என்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வழக்கு வருகிறது. இரண்டு கிழவர்கள். ஒருவர் பத்துப் பொற்காசு கடன் கொடுத்தேன் என்கிறார். மற்றவர், திருப்பிக் கொடுத்துவிட்டேன், சத்தியம் செய்கிறேன் என்று சொல்லி, சத்தியம் செய்யும்போது தம் கைத்தடியைக் கடன் கொடுத்தவரிடம் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். சத்தியம் முடிந்ததும் தடியை வாங்கிக்கொண்டு போகிறார். சாஞ்சோ மூக்கில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கிறான். கிழவரைத் திருப்பிக் கூப்பிட்டுத் தடியைக் கடன் கொடுத்தவரிடம் கொடுத்து, உடைக்கச் சொல்கிறான். உள்ளே பத்துப் பொற்காசு! கூடியிருந்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், இதுபோல ஒரு கதையை எங்கள் ஊர்ப் பாதிரியார் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவன் படிப்பு எல்லாம் காது வழியாக வந்தது.

அப்புறம் அந்தப் பாலத்து வழக்கு. ஒரு பாலம், அதைக் கடப்பவன் எங்கே போகிறான் என்று சத்தியமாகச் சொல்ல வேண்டும். உண்மையானால் விட்டுவிடுவார்கள், பொய்யானால் தூக்கு. ஒருவன் வந்து, “அதோ அந்தத் தூக்குமரத்தில் சாகப் போகிறேன்” என்று சத்தியம் செய்கிறான். தூக்கில் போட்டால் அவன் சொன்னது உண்மை, விட வேண்டும். விட்டால் அவன் சொன்னது பொய், தூக்கில் போட வேண்டும். தர்க்கம் படிப்பவர்கள் இன்றும் சாஞ்சோ பெயரைச் சொல்லி விவாதிக்கும் முடிச்சு இது. சாஞ்சோ சொன்ன தீர்ப்பு என்ன? இரண்டு பக்கமும் நியாயம் சமமாக இருந்தால் கருணையின் பக்கம் சாய வேண்டும், அவனை விட்டுவிடுங்கள். இதை என் எஜமான் சொல்லிக் கொடுத்தார் என்றும் சொல்கிறான்.

உடனே எதிரணியில் சலசலப்பு கேட்கிறது. ஆமாம், அறிவுரை டான் குயிக்ஸாட்டுடையது. ஏழையின் கண்ணீருக்கு இரங்கு, ஆனால் அதற்காகப் பணக்காரனுக்கு நியாயத்தைக் குறைக்காதே என்றெல்லாம் அருமையாகச் சொன்னார். அதே மூச்சில் நகத்தை வெட்டு, பூண்டு வெங்காயம் தின்னாதே, சபையில் ஏப்பம் விடாதே என்றும் சொன்னார். சொல்வதற்கு அவர் இருந்தார். ஒரு மனிதனின் கழுத்து கயிற்றில் தொங்கும் நேரத்தில் அதை நினைவு வைத்திருந்து செய்து காட்டியவன் சாஞ்சோ. அதுவும் எந்த நிலையில்? அரண்மனை வைத்தியர் பெத்ரோ ரெசியோ ஒவ்வொரு தட்டையும் பிரம்பால் தொட்டு, இது சூடு, அது ஈரம் என்று எடுத்துப் போகச் சொல்லிப் பட்டினி போட்டிருக்கும் நிலையில். பசியோடு இருப்பவன் கருணை காட்டுவதன் அருமை பசித்தவர்களுக்குத் தெரியும்.

சட்டங்களும் போட்டான். உணவுப் பொருளைப் பதுக்கி விற்கத் தடை. ஒயினை எந்த ஊரிலிருந்தும் கொண்டுவரலாம், ஆனால் எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்ல வேண்டும், அதில் தண்ணீர் கலந்தால் தலை போகும். செருப்பு விலை குறைப்பு. ஏழைகளைக் கண்காணிக்க ஓர் அதிகாரி, விரட்டுவதற்கு இல்லை, உண்மையான ஏழை யார் என்று பார்ப்பதற்கு. ‘மாபெரும் ஆளுநர் சாஞ்சோ பான்சாவின் சாசனங்கள்’ என்ற பெயரில் அவை இன்றும் அந்த ஊரில் வழங்குவதாக நாவல் சொல்கிறது. கேலி செய்ய வந்த காரியஸ்தனே, “வேடிக்கை நிஜமாகிவிடுகிறது, கேலி செய்தவர்களே கேலிக்கு ஆளாகிறார்கள்” என்று சொல்கிறான்.

ஏழாவது இரவு, பொய்ப் படையெடுப்பு ஒன்றை நடத்தி, இரண்டு கேடயத்துக்கு நடுவில் அவனைக் கட்டிப் போட்டு மிதிக்கிறார்கள். விடிந்ததும் அவன் ஒன்றும் பேசாமல் உடுத்திக்கொண்டு லாயத்துக்குப் போகிறான். கழுதையின் நெற்றியில் முத்தம் கொடுக்கிறான். “காசில்லாமல் வந்தேன், காசில்லாமல் போகிறேன். மற்றத் தீவுகளின் ஆளுநர்கள் போவதற்கு நேர்மாறாக” என்கிறான். வழிச்செலவுக்கு அவன் கேட்டது கழுதைக்குக் கொஞ்சம் பார்லி, தனக்கு அரைப் பாலாடைக்கட்டி, அரை ரொட்டி. கறுப்பர்களை விற்றுப் பதவி வாங்கக் கணக்குப் போட்டானே, அதே சாஞ்சோதான் இவன். இந்தத் தூரத்தை எந்த விதூஷகன் நடந்தான் என்று எதிரணி காட்டட்டும்.

பதவியை விட்டு வரும் வழியில் பழைய அண்டை வீட்டுக்காரன் ரிக்கோத்தேயைச் சந்திக்கிறான். ரிக்கோத்தே மொரிஸ்கோ இனத்தவன், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிய முஸ்லிம் குடும்பம். 1609-இலிருந்து சில ஆண்டுகளில் ஸ்பெயின் அரசு சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்களை நாட்டைவிட்டு விரட்டியது. அவன் யாத்ரீகர் வேடத்தில் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்திருக்கிறான். இருவரும் கட்டிப்பிடித்து, சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். புதைத்து வைத்த பணத்தை எடுக்க உதவினால் 200 பொற்காசு தருகிறேன் என்கிறான் ரிக்கோத்தே. அரசன் ஆணைக்கு எதிராகச் செய்ய மாட்டேன், நானூறு தந்தாலும் வர மாட்டேன், ஆனால் உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான் சாஞ்சோ. உன் மகள் ஊரைவிட்டுப் போனபோது நானே அழுதேன் என்றும் சொல்கிறான். அரசின் வெளியேற்றத்தை நேராக எதிர்த்து எழுத முடியாத காலத்தில், பட்டுச் சில ஆண்டுகளே ஆன அந்தக் காயத்தைத் தொட செர்வாண்டிஸ் தேர்ந்தெடுத்த ஆள் இந்தச் ‘சிரிப்பு நடிகன்’. மாவீரரை அந்தக் காட்சியில் அவர் சேர்க்கவே இல்லை.

தடம் எங்கே என்று கேட்டார் இரண்டாமவர். முதல் பாகம் வந்த இரண்டே ஆண்டில், 1607-இல், கடல் கடந்து பெருவின் மலை ஊரான பௌசாவில் நடந்த விழாவில் டான் குயிக்ஸாட் வேடத்தோடு சாஞ்சோ வேடமும் வந்தது. 1762-இல் பிரான்சின் ஃபிலிதோர் ஓர் இசை நாடகமே போட்டார், அதன் பெயர் ‘தன் தீவில் சாஞ்சோ பான்சா’. புத்தகத்தின் பெயரை வைத்து வழக்காடிய தோழர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1898-இல் அரங்கேற்றிய இசைப் படைப்பில் எஜமானுக்குச் செல்லோ வாத்தியம், சாஞ்சோவுக்கு ஓயாமல் பேசும் வயோலா. பிரெஞ்சு இசையமைப்பாளர் மஸ்னேயின் 1910 ஓபராவில், தம் எஜமானைப் பார்த்துச் சிரிக்கும் கனவான்களை சாஞ்சோ நிற்க வைத்துத் திட்டுவதுதான் அரங்கையே அதிர வைக்கும் இடம்.

தத்துவத்திலும் அவன் உண்டு. டேவிட் ஹியூம் 1757-இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் அழகியல் வகுப்புகளில் வைக்கிறார்கள். ரசனையில் சரி, தவறு உண்டா என்ற கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் சாஞ்சோ சொன்ன குடும்பக் கதை. அவனுடைய உறவினர்கள் இருவர், ஒயின் சுவைப்பதில் மன்னர்கள். பீப்பாயிலிருந்து ஒருவர் நாக்கு நுனியில் வைத்து, இரும்பு வாடை என்றார். மற்றவர் முகர்ந்து மட்டும் பார்த்து, தோல் வாடை என்றார். சொந்தக்காரர் மறுத்தார். பீப்பாய் காலியானதும் அடியில் தோல் வார் கட்டிய ஒரு சின்னச் சாவி கிடந்தது. ஐரோப்பியத் தத்துவத்துக்கு உதாரணம் தேவைப்பட்டபோது, கழுதை மேல் இருந்தவனின் வாய்க்கதை கைகொடுத்தது.

நாவலுக்கு வாருங்கள். டிக்கன்ஸ் 1836-இல் ‘பிக்விக்’ தொடரைத் தொடங்கினார். வெகுளியான ஒரு கனவான் ஊர் சுற்றும் கதை. சில நூறு படிகளில் தடுமாறியது விற்பனை. விடுதி முற்றத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டு, பழமொழியைத் திரித்துப் பேசும் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் நான்காவது இதழில் வந்தான். தொடர் முடியும்போது 40,000 படிகள். தனியாகக் கிளம்பிய எஜமான் தடுமாறுவதும் பேசத் தெரிந்த வேலைக்காரன் வந்து தூக்கி நிறுத்துவதும் முன்பே ஒருமுறை நடந்ததுதானே!

மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ இன்னும் சுவாரசியம். டாம் சாயர் ஸ்பானிய வணிகர்களையும் அரேபியர்களையும் யானை ஒட்டகங்களோடு கொள்ளையடிக்கப் போகிறோம் என்று பையன்களைக் கூட்டிப் போகிறான். அங்கே இருந்தது ஞாயிறுப் பள்ளிச் சிறுவர்களின் உல்லாசப் பயணம். மந்திரவாதிகள் மாற்றிவிட்டார்கள், நீ டான் குயிக்ஸாட் படித்திருந்தால் புரியும் என்று டாம் சொல்கிறான். ஹக் யோசித்துப் பார்த்து, எனக்கென்னவோ அது ஞாயிறுப் பள்ளி மாதிரிதான் இருந்தது என்று முடித்துவிடுகிறான். இங்கே ட்வைன் செய்ததைப் பாருங்கள். டாம் எஜமான், ஹக் சாஞ்சோ. கதை சொல்லும் பொறுப்பை ட்வைன் சாஞ்சோவிடம் கொடுத்துவிட்டார், அவனுடைய கொச்சைப் பேச்சிலேயே. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் அந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் ஹெமிங்வே எழுதினார். அப்படியானால் அந்த இலக்கியம் எந்தக் கழுதையின் பின்னால் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காஃப்கா 1917-இல் ஒரு பத்தி எழுதினார், அவர் இறந்த பிறகுதான் அச்சானது. அதன்படி டான் குயிக்ஸாட் என்பது சாஞ்சோவுக்குள் இருந்த ஒரு பேய். இரவு இரவாக வீரக்கதைகளைத் தீனியாகப் போட்டு அதை வெளியே திருப்பிவிட்டு, ஒரு பொறுப்புணர்ச்சியால் அதன் பின்னாலேயே போய் வாழ்நாள் முழுக்க நல்ல பொழுதுபோக்கு கண்டான் சாஞ்சோ என்கிறார். காஃப்காவை மட்டும் ஏற்றுக்கொண்டால் எதிரணித் தலைவரே எங்கள் ஆளின் படைப்பு ஆகிவிடுவார். அந்த அளவுக்குப் போக வேண்டாம், பாவம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று.

டான் குயிக்ஸாட் சாகக் கிடக்கிறார். புத்தி தெளிந்துவிட்டது. நான் மாவீரன் இல்லை, சாதாரண அலோன்சோ கிஹானோ, அந்தக் கதைகள் எல்லாம் குப்பை என்கிறார். வீரக்கதை படிப்பவனைக் கட்டினால் என் சகோதரி மகளுக்குச் சொத்தில்லை என்று உயிலே எழுதுகிறார். சாஞ்சோ கட்டிலருகே நின்று அழுகிறான்: “சாகாதீர்கள் ஐயா, என் பேச்சைக் கேளுங்கள். யாரும் கொல்லாமல் ஒரு மனிதன் தானாகச் சாவதைப் போலப் பைத்தியக்காரத்தனம் கிடையாது. சண்டையில் தோற்ற வருத்தம்தான் காரணம் என்றால் பழியை என் மேல் போடுங்கள், நான் குதிரை ரோசினாந்தேயின் சேணத்தைச் சரியாகக் கட்டாததால் விழுந்தீர்கள் என்று சொல்லுங்கள். எழுந்திருங்கள், மேய்ப்பர் உடை போட்டுக்கொண்டு வயலுக்குப் போவோம். ஏதாவது ஒரு புதர் மறைவில் துல்சினேயா அம்மாள் சாபம் நீங்கி நின்றாலும் நிற்பார்.”

அம்மையார் இதே அத்தியாயத்தின் அடுத்த பக்கத்தைப் படித்துக் காட்டினார். எஜமான் உயிலில் பணம் விட்டுப் போனதால் சாஞ்சோ உள்ளூர மகிழ்ந்தான் என்றிருக்கிறதே என்று. இருக்கிறது, சகோதரி மகள் சாப்பிட்டாள், வீட்டைக் கவனித்துவந்த பணிப்பெண் குடித்தாள் என்றும் இருக்கிறது. செர்வாண்டிஸ் மனிதர்களை அறிந்தவர், சாவு வீட்டில் பந்தி நடப்பதை மறைக்க மாட்டார்.

எதிரணித் தலைவர் நிறைவுரைக்கு எழும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். கட்டிலில் கிடந்தவர் கனவைக் கைகழுவிவிட்டார். துல்சினேயா புதர் மறைவில் நிற்பார் என்று அந்த அறையில் சொன்னவன் ஒருவன்தான், அந்தப் பொய்யை மரத்தடியில் உட்கார்ந்து முதலில் கட்டியவன். அந்த நிமிடத்தில் உங்கள் கட்சியின் டான் குயிக்ஸாட் யார், படுத்திருந்தவரா, நின்றிருந்தவனா?

நன்றி, வணக்கம்.